உறைபனிக் காலமும் இலைமரக்கறி நடுகையும்

கமக்காரரே, நெல் வயல்களுள்ள வெப்பமான பகுதிகளில் வாழ்வோர்க்கு மார்கழி, தை மாதத்துப் பனி தெரியும், உறைபனி தெரியாது. நுவரெலியா, மீப்பிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல முதலிய உயர்ந்த இடங்களில் மரக்கறி செய்வோர் அதனை நன்கறிவர். மாலையிற் பசுமையாக நின்ற சலாதுப் பாத்தி, விடியும்போது வெண்மை பூத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் இலைகள் வெந்தவை போலக் கறுத்துத் துவளும். விதைக்கும் பசளைக்கும் கடன்பட்டவருக்கு அந்த ஓர் இரவே பெரும் நட்டமாகும்.

உறைபனி பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விழும். சில ஆண்டுகளில் டிசம்பர் இறுதியிலேயே தொடங்கும். ஆயினும் இன்ன நாளில் தொடங்கி இன்ன நாளில் முடியும் என்று எவராலும் வரையறுத்துக் கூற இயலாது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வானம் முகிலின்றித் தெளிந்து, காற்றும் அடங்கியிருக்கும் இரவுகளே அபாயமானவை. அவ்விரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடும். நாலடி உயரத்திலுள்ள வெப்பமானி 3 பாகை செல்சியசு காட்டும்போதே தரையோடு ஒட்டிய இலை 0 பாகைக்குக் கீழே குளிர்ந்துவிடக்கூடும்.

குளிர்ந்த காற்றுப் பாரமானது. அது நீரைப் போலச் சரிவில் இறங்கி, ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஆகையால் ஒரே தோட்டத்தில் மேற்பாத்திகள் தப்ப, கீழ்ப்பாத்திகள் கருகுவதுண்டு. அயலவர் நட்ட நாளைப் பார்த்து நீங்களும் நடுவது இதனாலேயே பிழையாகும். உறைபனி விழுந்த நாளையும், எந்தப் பாத்தி வரை அது பரவியது என்பதையும் ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். மூன்று நான்கு ஆண்டுக் குறிப்பு, எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் மேலானது; இதனிலும் மேலானதே.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுக. சலாது நாற்று மேடையில் ஏறக்குறைய 4 வாரமும், பாத்தியில் 6 முதல் 8 வாரமும் நிற்கும். டிசம்பர் முடியுமுன் வெட்ட விரும்பினால், பள்ளக் காணிக்கான விதையைச் செப்டெம்பர் இறுதியில் மேடையில் இடவேண்டும். கோவாவும் லீக்சும் வேரூன்றி முதிர்ந்த பின் சிறிய உறைபனியைத் தாங்கும். புதிதாக நட்ட இளநாற்றுத் தாங்காது. பள்ளத்தில் ஜனவரியில் ஏதேனும் நிற்கவேண்டுமாயின் வளர்ந்த லீக்சே நிற்கட்டும்.

சித்திரை வருடப் பிறப்பு விற்பனையை எண்ணிப் பலர் பெப்ரவரி தொடக்கத்திலேயே பள்ளத்திற் சலாது நட அவசரப்படுவர். அவ்வவசரம் மேற்பாத்திகளுக்கு ஒருவாறு பொருந்தும். பள்ளத்துக்குரிய நாற்றை மூடிய மேடையில் வளர்த்து, பெப்ரவரி இறுதியில் நடுவதே தக்கது. முழு நாற்றையும் ஒரே நாளில் நடாது, பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக நடுக.

அபாயமான இரவு வருமெனத் தோன்றினால், பகலில் நிலத்துக்கு நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். இளம்பயிரைச் சூரியன் மறையுமுன் சாக்கினால் மூடி, காலையில் வெயில் வந்தபின் எடுக்கவேண்டும். பயிருக்கு மேலே மூடுவது நன்று. ஆனால் பாத்தியின் மண்மேல் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புவது தீமையாகும். மண்ணின் வெப்பம் இலையைச் சேராதபடி அது தடுத்துவிடும். டிசம்பரில் யூரியாவை மிகுதியாக இடுவதையும் தவிர்க்கவேண்டும். தழைத்த மெல்லிய இலையே முதலிற் கருகும்.

கருகிய பயிரை அன்றே பிடுங்கிவிடாதீர்கள். நான்கைந்து நாள் பொறுத்து நடுக்குருத்தை விரித்துப் பாருங்கள். குருத்துப் பச்சையாக இருந்தால், கெட்ட வெளியிலைகளை மட்டும் அகற்றிப் பயிரை வளர விடலாம். குருத்தும் அழுகியிருந்தால் பாத்தியைக் கொத்தி, அடுத்த நாற்றுக்கு ஆயத்தம் செய்க.