ஆய்வுகூட வகுப்புகளில் மாணவர் கருத்துக்கும் இடம் வேண்டும்

கொஸ்லந்த போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் பல தடைகளைத் தாண்டியே செல்கிறார்கள். முதலாம் வருட ஆய்வுகூடத்தில் இன்னொரு தடை காத்திருக்கிறது. நியமிப்பு, அளவி, குழாயி என்று தமிழில் படித்தவர்கள் அங்கே டைட்ரேஷன், பியூரெட், பிப்பெட் என்று கேட்கிறார்கள். தெரிந்த பரிசோதனையே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. பண்டாரவளை, வெலிமடை முஸ்லிம் பாடசாலைகளில் தமிழில் படித்த நம் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். கேட்க வெட்கப்பட்டு, பக்கத்தில் இருப்பவரின் வாசிப்புகளைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

இதை விரிவுரையாளர் எப்படி அறிவார்? நம் பல்கலைக்கழகங்களில் மாணவர் கருத்துப் படிவம் புதியதல்ல. ஆனால் அது பெரும்பாலும் பருவ முடிவில், பாடநெறி முழுவதையும் பற்றிப் பொதுவாகக் கேட்கிறது. எந்தப் பரிசோதனையில், எந்த இடத்தில் மாணவர் தடுமாறினார் என்பது அதில் தெரியாது. நிரப்பியவருக்கும் பயன் கிடைப்பதில்லை.

அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் 'அசெல்' என்ற திட்டம் வேறு வழியைக் காட்டியது. அங்கே ஒவ்வொரு பரிசோதனையும் தனித்தனியாக மதிப்பிடப்பட்டது. செய்முறைக் குறிப்பு தெளிவா, இதிலிருந்து என்ன கற்றீர்கள், எதை மாற்றலாம் என்று மாணவரிடம் கேட்டார்கள். அதன் பயிலரங்குகளில் விரிவுரையாளர்களும் மாணவர்களோடு சேர்ந்து அதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள்.

இங்கே இதைத் தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. வகுப்பு முடியும்போது பெயர் எழுதாத ஒரு துண்டுத்தாள், மூன்று கேள்விகள் போதும்: எது விளங்கியது, எங்கே நின்றுவிட்டீர்கள், எதை மாற்ற வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். புள்ளியிடுபவரின் கைக்கு அது நேரே போகக்கூடாது. போனால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். சொற்கள்தான் சிக்கல் என்று பலர் எழுதினால், மும்மொழிச் சொற்பட்டியல் ஒரு பக்கத்தில் கொடுக்கலாம். ஒரு கருவிக்கு ஐந்து பேர் என்றால் குழுவைச் சிறிதாக்கி நேரத்தைப் பிரிக்கலாம்.

மாணவர் விரும்புவதெல்லாம் நல்ல கற்பித்தல் என்று சொல்லிவிடவும் முடியாது. இலகுவான பரிசோதனைக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். ஆகவே கருத்துகளை அறிக்கைகளோடும் செய்முறைப் பரீட்சைப் புள்ளிகளோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்த வகுப்பிலேயே பதில் சொல்வது: நீங்கள் சொன்னதில் இதை மாற்றினோம், இதை இன்ன காரணத்தால் மாற்ற முடியவில்லை. பதில் வராவிட்டால் மாணவர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

2005 முதல் பதுளையில் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடமும் ஒரேயொரு பரிசோதனையில் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.