ரேஸ் சைக்கிளுக்கு எந்தச் சில்லு?

2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. அப்போது இலங்கை முழுக்க சைக்கிளுக்கு மவுசு கூடியது, விலையும் எகிறியது. பாவித்த ரேஸ் சைக்கிளொன்றை வாங்கி ஓட்டுகிறவருக்கு அடுத்த பெரிய செலவு சில்லுதான்.

சப்ரகமுவ சில்லுக்குச் சோதனையான நாடு. அவிசாவளையில் பிரிந்து ஏ4 வீதி எஹலியகொட, குருவிட்ட வழியாக இரத்தினபுரிக்கும், ஏ7 எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்கும் போகின்றன. அந்தக் காபட் வீதிகளை விட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பினால் தார் பெயர்ந்த குழியும் கல்லும்தான். போதாததற்கு இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை.

இங்கே காசுக்குப் பெறுமதியான சில்லு, இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மில் 32 கம்பி பூட்டியதுதான். ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம். டவுன் கடையில் புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துவிடலாம். 20 கம்பிச் சில்லில் ஒன்று அறுந்தால் ரிம் வளைந்து பிரேக் கட்டையில் உரசும். தட்டைக் கம்பி என்றால் அது கிடைக்கும்வரை சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

கார்பன் சில்லு எடை குறைவுதானே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்றால், 400 கிராம் குறைவது அதில் 0.5 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறக்குறைய 18 விநாடி. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில், கார்பன் ரிம் ஈரத்தில் பிடிக்கச் சுணங்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பழுதாகவும் கூடும்.

மிச்சம் பிடித்த காசை நல்ல டயருக்குப் போடலாம். 1888இல் ஜோன் டன்லொப் தன் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைப் பூட்டியதே குலுக்கலைக் குறைக்கத்தான். இறப்பர் விளையும் கேகாலை மலைகளில் ஓடும் சைக்கிளுக்கும் அதே தேவைதான். 23 மில்லிமீற்றர் டயரைக் கழற்றிவிட்டு, பிரேக்கிலும் போர்க்கிலும் இடமிருந்தால் 28 போடுங்கள். காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம். குழியில் ரிம் அடிபடுவதும் குறையும்.

பாவித்த சில்லு வாங்கும்போது அதைச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கம்பித் துளைகளைச் சுற்றி வெடிப்பு உண்டா? ரிம்மின் பக்கத்தில் விரலை ஓட்டினால் குழிவு தட்டுகிறதா? மழையில் பிரேக் கட்டையில் ஒட்டும் மணல் அலுமினியத்தை அராவும். குழிந்த ரிம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அச்சின் அகலமும் பின்சில்லின் பல்சக்கரமும் உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள். சில்லில் உள்ள கம்பியின் அதே நீளத்தில் நாலு கம்பி மேலதிகமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.