நூலுக்குள் இருக்கும் வெள்ளை

ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி டீக்கடை ஒன்றில் ஒதுங்கினோம், நானும் என் தங்கை மகளும். இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "மாமா, எனக்கு ஜீன்ஸ் டிசைன் படிக்கணும். எங்கே இருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டாள்.

"உன் ஜீன்ஸ்ல இருந்தே ஆரம்பி தாயி. கால் ஓரத்தில் பிசிறாத் தொங்குற நீல நூலை உருவி, முறுக்கைப் பிரிச்சுப் பாரு" என்றேன். பிரித்தாள். மேலே நீலம், நடுவில் வெள்ளை.

அந்த வெள்ளையில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்தால் கரையும். அப்போது தொட்டியில் இருப்பது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கயிறுபோல் திரட்டி அதில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். காற்றுப் படப்பட நீலமாகும். இப்படி ஆறு, ஏழு முறை. ஒவ்வொரு முறையும் சில நொடிகளே முக்குவதால் சாயம் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கிவிடும்.

அடுத்தது நெசவு. துண்டுக்கும் வேட்டிக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு பாவுக்கு மேலே, ஒரு பாவுக்குக் கீழே போகும். ஜீன்ஸ் துணியான டெனிமில் மூன்று பாவுக்குக் கீழே போய், ஒன்றுக்கு மேலே வரும். பாவு நீலம், ஊடை வெள்ளை. அதனால் முன்பக்கம் நீலம் தூக்கலாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது. முழங்கால் கிழிசலில் குறுக்கே தெரிகிற வெள்ளை நூல் ஊடைதான்.

மற்ற துணி சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஜீன்ஸ் வெளுப்பதற்கென்றே நெய்த துணி. எங்கே, எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அதன் டிசைன். கல் போட்டு அலசுவது, என்சைம் போடுவது, லேசரில் சுடுவது எல்லாம் அதற்குத்தான்.

பாக்கெட் மூலையில் இருக்கிற செம்பு ரிவெட்டைக் காட்டினேன். உழைப்பாளிகளின் பாக்கெட் கிழிகிறதே என்று ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் கண்டுபிடித்த வழி அது. லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873-இல் காப்புரிமை வாங்கினார். அழகு என்று இன்று நாம் பார்ப்பது, ஒருவருடைய கஷ்டத்தைத் தீர்க்க வந்தது.

தயாரிப்புக்கு ஒரு கணக்குச் சொன்னேன். வாஷ் முடிந்து கால் நீளம் 30 அங்குலம் வர வேண்டும். துணி 4 சதவீதம் சுருங்கும். 30-ஐ 0.96-ஆல் வகுத்தால் 31¼ அங்குலம். அந்த அளவுக்கு வெட்ட வேண்டும். இதில் தப்பினால் ஆயிரம் பீஸும் குட்டையாகிவிடும்.

வியாபாரம் என்பது விலை போடுவது மட்டும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; நொய்யல் ஆற்றில் கழிவு கலந்ததுதான் காரணம். துருக்கியில் ஜீன்ஸை வெளுக்க மணலை வீசியடித்த தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டதால் 2009-இல் அந்த முறையைத் தடை செய்தார்கள். அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவும், ஆட்களின் மூச்சும் விலைக்குள் வர வேண்டும். அருவிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இது சுலபமாகப் புரியும் என்று நம்புகிறேன்.

படிக்க இடம் இருக்கிறது. ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் கல்லூரி சென்னையில் 1995-இலிருந்து நடக்கிறது. டிசைன் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆடைத் தொழில்நுட்பத்துக்குக் கணிதம் வேண்டும். கோவைக் கல்லூரிகளில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி உண்டு.

"தேர்வுக்கு முந்தி ஒரு வேலை செய். வீட்டுல பழைய ஜீன்ஸ் ஒண்ணைத் தையல் பிரி. எத்தனை துண்டுன்னு எண்ணு. எந்தத் தையல் எதுக்கு அடியில போகுதுன்னு எழுதிவை. அப்புறம் அதே வரிசையில தைச்சுப் பாரு. கை வலிக்கிறப்பவும் ஆசை குறையலேன்னா, விண்ணப்பம் போட நானே கூட வாரேன்" என்றேன்.

பிரித்த நூலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்தாள். "அப்பாவோட பழைய ஜீன்ஸ் ஒண்ணு பரண்ல கிடக்கு மாமா" என்றாள்.