புது கிளட்ச் போட்ட பிறகு பெடல் சரியில்லையா?

பெரியாறு பிரிந்து சுற்றி ஓடும் ஊர் ஏலூர். ஊரை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் பாலம் ஏற வேண்டும். முன்னால் உர மூட்டை ஏற்றிய லாரி ஊர்ந்து போகும். பின்னால் வரும் டாக்சி நின்று நின்றுதான் ஏற முடியும். கிளட்ச் எப்படி இருக்கிறது என்பது அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொடுப்பதும் நிறுத்துவதும் கிளட்சின் வேலை. பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய்த் தள்ளும். பிடி விடும். அப்போதுதான் கியர் மாற்றலாம்.

புது கிளட்ச் போட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலியும் போகும், அன்றைய ஓட்டமும் போகும். அதன் பிறகும் பெடல் சரியில்லை என்றால் வயிறு எரியாதா? "பிளேட் மோசம், மறுபடி இறக்கணும்" என்று ஒருவர் சொல்வார். உடனே சரி என்று சொல்லாதீர்கள். பல நேரம் கோளாறு வெளியிலேயே இருக்கும்.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983 முதல் 2014 வரை செய்த கார் இது. இதில் பெடலையும் கிளட்சையும் இணைப்பது ஒரு கேபிள். பெடலை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்ச தூரம் லேசாகப் போகும். பிறகு கனக்கும். லேசாகப் போகும் அந்தத் தூரத்தை 'பிரீ பிளே' என்பார்கள். பெடல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அளக்கலாம். சுமார் 2 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. வண்டிக்கு வண்டி இது மாறும். சரியான அளவு வண்டியின் புத்தகத்தில் இருக்கும்.

பழைய பிளேட் தேயத் தேய இந்தத் தூரம் குறைந்துகொண்டே வரும். அதனால் மெக்கானிக் கேபிளை அவ்வப்போது தளர்த்தியிருப்பார். புது பிளேட் தடிமனானது. பழைய தளர்விலேயே விட்டால் பிரீ பிளே கூடிவிடும். பெடலைத் தரை வரை மிதித்தாலும் பிடி முழுவதும் விடாது. ரிவர்ஸ் கியர் 'கர்ர்' என்று கத்தும். கேபிளின் நட்டைத் திருகி அளவைச் சரி செய்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் பெரிய நஷ்டம். நட்டை மிகவும் இறுக்கிவிட்டால் பிரீ பிளேயே இருக்காது. கால் எடுத்த பிறகும் பேரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேட் நழுவும். ஏற்றத்தில் என்ஜின் இரையும், வண்டி ஏறாது. கருகிய வாசனை வரும். வாசனை வந்தால் வண்டியை நிறுத்துங்கள். அப்படியே ஓட்டினால் புது பிளேட்டும் சீக்கிரம் போய்விடும்.

பெடல் இழுத்துப் பிடித்தது போல் கனமாக இருந்தால் கேபிளைப் பாருங்கள். கொச்சியின் உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடிக்கும், இழை பிரியும். கேபிள் பழையதென்றால் கிளட்சோடு அதையும் மாற்றுவது நல்லது.

சில கார்களில் கேபிள் இல்லை. குழாயில் இருக்கும் திரவம்தான் தள்ளும். இவற்றில் பெடல் பஞ்சு போல் அமுங்கினால், அல்லது கீழேயே நின்றுவிட்டால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்துப் பாருங்கள். கொஞ்சம் கெட்டிப்பட்டால் பெரும்பாலும் காற்றுதான். ஒருவர் மிதிக்க, ஒருவர் திருகைத் திறந்து மூட, காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிவு உண்டு. என்ஜின் ஆயிலை அதில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். எந்தத் திரவம் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்த்து ஊற்றுங்கள்.

இவை எல்லாம் சரி, இருந்தும் பிடி விடவில்லையா? அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். வண்டி கிளம்பும்போது உதறினால் பிளேட்டில் கிரீஸ் பட்டிருக்கலாம். என்ஜின் சீல் கசிந்தும் எண்ணெய் படும். ஆகவே இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு கூலியைப் பற்றிப் பேசுங்கள்.