4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளும் 26 எழுத்துகளும்

தேதி: 2007 ஆகஸ்ட் 14. பொருள்: நோக்கியா கைப்பேசியின் பி.எல்-5சி பேட்டரி குறித்த எச்சரிக்கை. அதுவரை தயாரான பேட்டரிகள்: 30 கோடிக்கு மேல். சந்தேகத்துக்கு உள்ளானவை: 4 கோடியே 60 லட்சம். உலகம் முழுக்க வந்திருந்த புகார்கள்: சுமார் 100.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. இங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 ஜனவரியில். பழுதிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட பேட்டரிகள் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தவை. ஆலையின் முதல் 11 மாதங்கள் அந்தக் காலத்துக்குள்ளேயே விழுகின்றன. பேட்டரியைச் செய்தது வேறு நாட்டு நிறுவனம்தான். ஆனால் 1100, 6600 என்று ஊரெல்லாம் புழங்கிய கைப்பேசிகளில் இருந்தது இந்த பி.எல்-5சி வகைதான்.

புகார்களை எண்ணிக்கையால் வகுத்தால் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒன்று. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகி, சூடேறி, பேட்டரி இடத்தைவிட்டுப் பெயர்ந்து வரலாம் என்பதே குறை. பெரிய காயமோ சேதமோ அப்போது பதிவாகவில்லை. அப்படியிருந்தும் நோக்கியா நிறுவனத்தார் மாற்றித் தர முன்வந்தார்கள். யாருடைய பேட்டரியை மாற்றுவது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பேட்டரியின் பின்பக்கத்தில் 26 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு குறியீடு இருந்தது. அதைப் பார்த்து 30 கோடியில் சந்தேகத்துக்குரிய 15 சதவீதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மீதி 85 சதவீதத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

செலவுப் பக்கம்

மட்சுஷிதா அப்போது போட்ட மதிப்பீடு 1,000 கோடி முதல் 2,000 கோடி யென். 4.6 கோடி பேட்டரிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 217 முதல் 435 யென். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 75 முதல் 150 ரூபாய்.

அதற்கு முந்தைய ஆண்டு மடிக்கணினி பேட்டரிகளில் சோனி மாட்டிக்கொண்டது. செல்லுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்தன. டெல் மட்டும் 41 லட்சம், ஆப்பிள் 18 லட்சம், எல்லா நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 96 லட்சம். சோனி ஒதுக்கிய தொகை சுமார் 5,100 கோடி யென், அதாவது பேட்டரிக்கு 5,300 யென்.

2016இல் சாம்சங் நோட் 7. விற்றவை 30 லட்சத்து 60 ஆயிரம், திரும்பி வந்தவை 96 சதவீதத்துக்கு மேல். காரணத்தைக் கண்டுபிடிக்க சுமார் 700 ஆய்வாளர்களும் பொறியாளர்களும் 2 லட்சம் கைப்பேசிகளையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்தார்கள்.

மூன்றிலும் செலவு வெவ்வேறு. மூன்றிலும் பொதுவானது, எந்தப் பேட்டரி எந்த ஆலையில் எப்போது செய்யப்பட்டது என்ற பதிவு. அது இல்லாமல் திரும்பப் பெறுதல் என்ற வேலையே நடக்காது.

ட்ரில்லுக்குள் இருக்கும் கணக்கு

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று எங்கே ஷெட் எழும்பினாலும், கேபிள் ட்ரே மாட்டினாலும், வயர் இல்லாத ட்ரில்லும் இம்பாக்ட் ரெஞ்சும்தான் இப்போது கையில். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேக் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் 10 லித்தியம் செல்கள் இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து, ஐந்து ஜோடிகளை வரிசையாக நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டு செய்திருப்பார்கள். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுச் சார்ஜில் 4.2 வீதம் 21 வோல்ட். சிலர் பெட்டியில் அச்சடிக்கும் ‘20 வோல்ட்’ இதே ஐந்து ஜோடிகள்தான்.

ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் இந்தக் கூட்டல்தான். ஒரு ஜோடி தளர்ந்துபோனால் அது மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். நான்கு ஜோடிகள் 4.15 வோல்ட்டில் நிற்க, தளர்ந்தது 4.4க்கு ஏறினாலும் மொத்தம் 21.0 என்றே காட்டும். மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அளவுக்கு மீறி ஏறிய செல் உப்பும், சூடாகும், ஒரு கட்டத்தில் தீப்பிடிக்கும். ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே அளக்கும் சர்க்யூட்டும், வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரும் பேக்கில் இருப்பது இதைத் தடுக்கத்தான்.

இந்த பேக்கில் உள்ள ஆற்றல் 90 வாட் மணி. 970 மில்லி ஆம்பியர் மணி பி.எல்-5சி பேட்டரியில் சுமார் 3.6 மட்டுமே. ஆக ஒரு ட்ரில் பேக் 25 கைப்பேசி பேட்டரிகளுக்குச் சமம். ஸ்டோர் ரூம் அலமாரியில் 22 பேக்குகள் அடுக்கினால் சுமார் 2,000 வாட் மணி, ஒரு மின்சார ஸ்கூட்டர் பேட்டரியின் அளவு. தகரக் கூரையின் கீழ், மே மாத வெயிலில், சார்ஜ் ஏற்றுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் 45 டிகிரி உச்ச வரம்பை வெப்பம் தாண்டுவது எளிது.

வேலூர் வரவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் வேலூர். 2022 மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி அங்கே அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து மின்சார ஸ்கூட்டர் நிறுவனமான ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களைப் பரிசோதனைக்கு அழைத்தது. அதே மாதத்தில் பியூர் இவி 2,000, ஓலா 1,441. கூட்டினால் 6,656. பி.எல்-5சியோடு ஒப்பிட்டால் சுமார் ஏழாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே போகாத உயிர் இங்கே போனது.

அதன்பின் மின்வாகன பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக இறுகின. செல் தயாரான மாதமும் ஆண்டும் செல்லின்மேலேயே தெரிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கருவிக்கு என்ன சட்டம்?

கையடக்க லித்தியம் பேட்டரிக்கு ஐ.எஸ். 16046 தரப் பதிவு கட்டாயம். லேபிளில் ‘ஆர்’ என்று தொடங்கும் 8 இலக்க எண் அதற்கு அடையாளம். அந்த எண் சொல்வது ஆலையை. எந்த மாதம், எந்த பேட்ச் என்பது தனியாக அச்சிடும் குறியீட்டில்தான் இருக்கிறது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிட, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் நம் கையிலிருக்கும் ட்ரில்லைத் தொட வேண்டுமென்றால் பேக்கின்மேல் எண் அழியாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் செல் அந்த எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

‘சார்ஜ் நிக்கல’ என்று கொடுத்து, கடையில் லூஸ் செல் போட்டு வாங்கிவரும் பேக்கில் இரண்டாவது நிபந்தனை அறுந்துவிடுகிறது. மேலே கம்பெனி லேபிள், உள்ளே யாருடையதென்று தெரியாத செல். நாளை லேபிளில் உள்ள பேட்ச் திரும்பப் பெறப்பட்டால் இந்த பேக் பட்டியலில் தவறாக வரும். உள்ளே போட்ட செல்லின் பேட்ச் திரும்பப் பெறப்பட்டால் பட்டியலில் வரவே வராது. மிச்சம் பிடித்த பணத்துக்கு விலை இதுதான்.

கருவி அறையில் ஒரு நோட்டு போதும். பத்திகள் ஐந்து: பேக் எண், தயாரிப்பு மாதம், வாங்கிய தேதி, செல் மாற்றியதா, உப்பல் அல்லது சூடு கண்ட தேதி. உப்பியதையும் கீழே விழுந்து ஓடு பிளந்ததையும் அன்றே தனியே வைத்து, 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பொறுப்பேற்க வேண்டிய தயாரிப்பாளரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி தன் சொந்த ட்ரில்லோடு வந்தாலும் அவருடைய பேக்குக்கும் நோட்டில் ஒரு வரி வேண்டும், ஏனென்றால் அது எரிந்தால் எரிவது அவர் கைதான். நிறுவனங்கள் செய்ய வேண்டியது, வியர்வையும் கிரீஸும் பட்டாலும் அழியாதபடி பேட்ச் எண்ணைப் பொறிப்பதும், திரும்பப் பெறும் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுவதும். 4.6 கோடி பேட்டரிகளுக்கு முடிந்த காரியம் ஒரு ட்ரில் பேக்குக்கும் முடியும்.