புள்ளி, வரிசை, கோடு

பைத்தானில் படம் வரைய மேட்பிளாட்லிப் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அதன் 'பிளாட்' கட்டளைக்கு வட்டமும் தெரியாது, சதுரமும் தெரியாது. கொடுத்த புள்ளிகளை, கொடுத்த வரிசையில், நேர்கோட்டால் இணைத்துக்கொண்டே போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

அது அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. மேட்லேப் என்ற மென்பொருளில் செய்துவந்ததைப் பைத்தானிலேயே செய்ய எழுதிய நிரல், 2003-இல் வெளியானது. அலை என்பது அடுத்தடுத்த அளவீடுகளை இணைக்கும் கோடு. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் மேட்பிளாட்லிப்பின் பைப்ளாட் பகுதியைப் படித்தவர்களும் கோட்டு வரைபடத்தில்தான் தொடங்கியிருப்பார்கள். அதே கோட்டை வளைத்துத் திருப்பி வடிவங்கள் செய்யப் போகிறோம்.

சதுரத்தில் தொடங்கலாம். 'பிளாட்' இரண்டு பட்டியல்களைக் கேட்கும்: எக்ஸ் மதிப்புகள் ஒன்று, ஒய் மதிப்புகள் ஒன்று. எக்ஸ் பட்டியலில் 0, 1, 1, 0, 0. ஒய் பட்டியலில் 0, 0, 1, 1, 0. மூலை நான்குதான், ஆனால் பட்டியலில் ஐந்து எண்கள். கடைசிப் புள்ளி முதல் புள்ளியேதான். அதை விட்டுவிட்டால் மூன்று பக்கம் வரும், நான்காவது திறந்தே கிடக்கும். ('ஃபில்' கட்டளைக்கு இந்தத் தொல்லை இல்லை, தானே மூடிக்கொண்டு உள்ளே வண்ணமும் நிரப்பும்.) வரிசை மாறினாலும் வடிவம் போய்விடும். அதே நான்கு மூலைகளை (0,0), (1,1), (1,0), (0,1) என்று கொடுத்து மூடுங்கள். படுக்கவைத்த உடுக்கை வரும். முக்கோணத்தில் மட்டும் இந்த ஆபத்து இல்லை. மூன்று புள்ளிகளை எந்த வரிசையில் இணைத்தாலும் அதே முக்கோணம்தான்.

இனி வட்டம். மையத்திலிருந்து ஒரே தூரத்தில் நிறையப் புள்ளிகள் வேண்டும். பள்ளியில் படித்த திரிகோணமிதி இங்கே வேலைக்கு வருகிறது: எக்ஸ் என்பது ஆரம் பெருக்கல் கொசைன், ஒய் என்பது ஆரம் பெருக்கல் சைன். கோணத்தைச் சுழியிலிருந்து ஒரு முழுச் சுற்றுவரை சிறிது சிறிதாகக் கூட்டிப் புள்ளிகளை எடுத்தால் போதும்.

எத்தனை புள்ளி? மேட்பிளாட்லிப் இயல்பாகத் தரும் படம் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், அங்குலத்துக்கு 100 பிக்சல். அதற்குள் அடங்கும் பெரிய வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 170 பிக்சல். 12 பக்கம் கொண்டு வரைந்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவும் உண்மையான வட்டத்திலிருந்து சுமார் 6 பிக்சல் உள்ளே தள்ளி நிற்கும், கண்ணுக்குத் தெரியும். 36 பக்கத்தில் அந்த இடைவெளி ஒரு பிக்சலுக்கும் குறைவு. 100 வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண் வேலை என்றே நினைக்கிறேன். 96 பக்க வடிவத்தை வைத்தே ஆர்க்கிமிடீஸ் பையின் மதிப்பை மூன்றும் ஏழில் ஒன்றுக்கும், மூன்றும் எழுபத்தொன்றில் பத்துக்கும் இடையே சிக்கவைத்துவிட்டார்.

சைனும் கொசைனும் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கும். 0 முதல் 360 வரை பாகை எண்களை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு புள்ளியும் முந்தையதிலிருந்து 57 பாகைக்கு மேல் தாவும். குறுக்குக் கோடுகள் பின்னிப் பின்னி, நடுவில் வட்ட ஆரத்தில் 0.88 பங்கு ஆரமுள்ள ஓட்டை கொண்ட தடித்த வளையம் ஒன்று தோன்றும். பார்க்க அழகாகவே இருக்கும்! ஒரு முழுச் சுற்று என்பது இரண்டு பை என்று நினைவில் வைத்தால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வட்டம் முட்டை மாதிரி படுத்திருந்தால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். படச் சட்டகம் உயரத்தைவிட அகலம் அதிகம். ஓர் அலகு கிடையாக நீண்டும் செங்குத்தாகக் குறுகியும் விழுகிறது. அச்சுகளுக்கு 'ஈக்வல்' என்று ஒரு வரி சேர்த்தால் வட்டம் வட்டமாகிவிடும்.

இந்த ஒரே சூத்திரத்தில் மீதி வடிவங்களும் அடங்கும். கொசைனை 3-ஆலும் சைனை 2-ஆலும் பெருக்கினால் நீள்வட்டம். கோணம் கூடக் கூட ஆரத்தையும் கூட்டினால் சுருள். 60 பாகைக்கு ஒரு புள்ளி எடுத்தால் அறுகோணம், 72-க்கு ஒன்று எடுத்தால் ஐங்கோணம். ஐங்கோணத்தின் கூர்முனை மேலே நிற்க, சுழிக்குப் பதில் 90 பாகையில் தொடங்குங்கள்.

'சர்க்கிள்' என்ற ஆயத்த வடிவமும் உண்டு. மையமும் ஆரமும் சொன்னால் வளைகோடுகளாலேயே வரைந்துவிடும். ஆனால் அதை வெறும் சட்டகத்தில் சேர்க்கும்போது அச்சுகள் 0 முதல் 1 வரையே நிற்கும். (5, 5)-ஐ மையமாகக் கொண்ட சிறு வட்டம் அதற்கு வெளியே போய்விடும். திரை வெறுமையாகவே இருக்கும். முன் சொன்ன 'ஈக்வல்' வரியைக் கடைசியில் போட்டால் அச்சுகளும் விரிந்து இடம்கொடுக்கும்.

மீண்டும் நம் புள்ளிகளுக்கே வருவோம். ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு, ஐங்கோணத்தின் 72 பாகைக்குப் பதில் 144 பாகை தாவ வேண்டும், அதாவது ஒரு முனை விட்டு ஒரு முனை. ஏழு முனைக்கு ஒன்றை விட்டுத் தாவினால் ஒரு நட்சத்திரம், இரண்டை விட்டுத் தாவினால் இன்னும் கூரான வேறொன்று. ஆறு முனையில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. ஒன்றை விட்டுத் தாவினால் மூன்றே தாவலில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும், கிடைப்பது முக்கோணம். 60 பாகை திருப்பி இன்னொரு முக்கோணத்தை அதன்மேல் வரைந்தால்தான் ஆறுமுனை நட்சத்திரம்.