எஷ்டு? எந்த? எவ்வளவு?

பைக், லாரி, கைக்கடிகாரம் எல்லாம் பிறக்கிற ஊர் ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போகிறவர்கள் அதைத்தான் பார்க்கப் போவார்கள். நான் போனது அழுக்கைப் பார்க்க! கல்யாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டு, கோட்டை அடுப்பு எரிகிற கொல்லைப்புறத்துக்கு ஓடுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வண்டி உதிரிபாகங்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் ஒரு சின்ன ஆலை. ஒரு வருஷத்தில் எவ்வளவு கழிவை வெளியேற்றியது என்று அது அரசாங்கத்துக்குக் கணக்கு எழுதும் வாரம் இது. பெயரைப் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கேட் திறந்தது.

செக்யூரிட்டி அண்ணன் போனை வாங்கி டப்பாவில் போட்டார். கொடுத்த ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியது. "பெரிய தலைங்க வர்றப்ப வாங்கினது சார்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வாங்க, முதல் அறை. வெளியே 'சுற்றுச்சூழல் பிரிவு' என்று கம்பீரமான பலகை. உள்ளே ஒரே ஒரு மேஜை. அதன் மேல் ஆறிப்போன டீ டம்ளர்கள் நான்கு, உயிர் விட்ட கால்குலேட்டர், ஆயுத பூஜை வசூல் நோட்டு, முழங்கை உயரத்துக்கு லாக் புக்குகள். அந்த மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார், எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிடும் கெமிஸ்ட். "பையனுக்குக் காலாண்டுப் பரீட்சை, எனக்கு முழு ஆண்டுப் பரீட்சை. ராத்திரி ரெண்டு பேரும் ஒரே டேபிள்லதான் படிக்கிறோம்."

வினாத்தாளின் பெயர் ஃபார்ம் ஃபைவ். சட்டம் இதைச் சுற்றுச்சூழல் அறிக்கை என்கிறது. மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில் இருக்க வேண்டும். குடித்த தண்ணீர் எவ்வளவு, தின்ற மூலப்பொருள் எவ்வளவு, நீரிலும் காற்றிலும் விட்டது எவ்வளவு, அபாயக் கழிவு எத்தனை கிலோ? போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். "மார்க் ஷீட்டை அண்ணன் மார்க் ஷீட்டோட சேர்த்து வைக்கிற மாதிரி. தப்பிக்கவே முடியாது" என்றார் மேடம்.

அந்த எண்கள் பிறக்கும் இடத்துக்குப் போவோமா? கொட்டகை, பின்பக்கம். ஈ.டி.பி. என்று அழைக்கப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அமில நெடி முதலில் மூக்கைத் தொடுகிறது, பிறகு கண்ணை. முலாம் தொட்டிகளைக் கழுவிய தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்க, உலோகம் சகதியாக அடியில் தங்குகிறது. அந்தச் சகதியை ஃபில்டர் பிரஸ் பிழிகிறது. ஆபரேட்டர் அண்ணன் தட்டுகளை ஒவ்வொன்றாக விலக்க, அதிரசம் தட்டியது போல் வில்லைகள் பொத் பொத்தென்று விழுந்தன. நான் கைதட்டிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ரப்பர் கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை சொட்டியது.

அடுத்து எடை. இங்கேதான் ஓசூர் தன் முகத்தைக் காட்டியது. தராசுக்கு இந்தப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர் கன்னடத்தில் "எஷ்டு?" என்கிறார். அந்தப் பக்கம் பாகலூர்க்காரர் தெலுங்கில் "எந்த?" என்கிறார். நடுவில் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத பையன். "எந்த மூட்டைனு கேக்கீயளா? அந்த நீலக் கயித்து மூட்டைதான் அண்ணே!" கொட்டகையே சிரித்தது. தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு' என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூட்டைகள் போகும் கிடங்கில் பூட்டு, எச்சரிக்கைச் சீட்டு, ஒரு கணக்குப் புத்தகம். 90 நாளுக்கு மேல் அங்கே எதுவும் தங்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுப் புதைகிடங்குக்கு லாரி ஏறும்போது கூடவே மேனிஃபெஸ்ட் என்ற பயண ஆவணம் போகிறது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஏழு நிறத்தில் ஏழு பிரதி. சாம்பலுக்கு மட்டும் வேலை எப்போதாவதுதான்: கழிவு மாநிலம் தாண்டினால். கர்நாடகத்தின் அத்திப்பள்ளி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், அந்தத் தாளைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்தேன்.

திரும்பி வந்தால் மேஜையில் ரகளை. கிடங்குப் புத்தகத்துக்கும் ஈ.டி.பி. லாக் புக்குக்கும் இரண்டு மூட்டை இடிக்கிறது. டீ வந்தது, ஆறியது. கடைசியில் ஆபரேட்டர் அண்ணனே வந்து பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தார். மார்ச் 31 இரவு ஷிஃப்டில் பிழிந்தது. எடை போட்டது ஏப்ரல் 1 காலை. "ராத்திரி பிறந்த குழந்தைக்குக் காலைல பேர் எழுதியிருக்கீங்க" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். மூட்டைகள் பழைய வருஷத்துக்கே திரும்பின.

இரண்டு மூட்டைக்கு இத்தனை பாடா என்று கேட்டேன். அண்ணனுக்கு ஊர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். "தென்பெண்ணையில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நுரை நுரையா வருது சார். யார் எவ்வளவு விட்டாங்கன்னு எங்க ஊர்ல யாருக்குத் தெரியும்? நான் விடுறதுக்காவது ஒரு புக்கு இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. 1986இல் இந்தியா சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது; அதன் விதிகளில் வந்ததுதான் ஃபார்ம் ஃபைவ். போபால் தந்த அதிர்ச்சியில் அதே 1986இல் அமெரிக்காவும் ஒரு சட்டம் போட்டது. அங்கே ஆலைகள் ஜூலை 1க்குள் நச்சுக் கணக்கைக் கொடுக்கின்றன. ஊர் பெயரைத் தட்டினால் எந்த ஆலை எதை எவ்வளவு விட்டது என்று யாரும் பார்க்கலாம். இங்கே, மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய பெரிய ஆலைகள் ஃபார்ம் ஃபைவை இணையத்தில் போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. மற்றவை வாரியத்தின் கோப்போடு நின்றுவிடுகின்றன.

அத்தனை வியர்வையில் பிறந்த எண்கள் பீரோவுக்குள் தூங்கலாமா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். உங்கள் ஊர் ஆலையின் ஃபார்ம் ஃபைவைக் கேளுங்கள். கன்னடமோ, தெலுங்கோ, தமிழோ, கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு?